தொட்டால் கொப்புளிக்கும் தோல்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



போன மாதம் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு குழுவிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அந்தக் குழுவில் ஒரு தங்கச்சி கைக்குழந்தையோடு கூட்டத்துக்கு வந்திருக்காங்க. குழந்தையின் கை காலெல்லாம் தீ பட்ட மாதிரி கொப்புளம். பக்கத்தில் இருந்தவங்க மெல்ல நகர்ந்து உட்கார்ந்துட்டாங்க. அதற்கப்புறம் இரண்டு கூட்டத்துக்கு அவங்க வரவில்லை, சந்தாவை மட்டும் கொடுத்து அனுப்பிட்டாங்க. "அது ஒட்டுமா?" என்பதுதான் கேள்வி.

ஒட்டாது. மருத்துவர் சொன்ன பெயர் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா. வாயில் நுழையாத பேர்தான். பிறவியிலேயே மரபணுவில் இருக்கும் குறை இது. கிருமியால் வருவதில்லை.

இந்தக் குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண். அமெரிக்காவைச் சேர்ந்த எலைன் ஃபுக்ஸ், 1950-ல் பிறந்தவர். தோல் செல்லுக்குள் கெரட்டின் என்ற புரத இழைகள் உண்டு. வீடு கட்டினவங்களுக்குத் தெரியும், கம்பி கட்டாமல் தளம் போட்டால் விரிசல் விடும். செல்லுக்குக் கெரட்டின்தான் அந்தக் கம்பி. அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கெரட்டின் 14 என்ற இழையைப் பழுதாக்கிய மரபணுவை எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். பிறந்த குட்டிகளின் தோல் லேசாக உரசினாலே கொப்புளித்தது. அடித்தோல் செல்லே உடைந்து போயிருந்தது.

இதில் எங்களுக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், வழக்கமாக நோயில் ஆரம்பித்துக் காரணத்தைத் தேடுவாங்க. இவங்க காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது மனுசருக்கு வரும் எந்த நோய் மாதிரி இருக்கிறது என்று தேடிப் போனாங்க. நோயாளிகளின் மரபணுவைப் பார்த்தால், அதே கெரட்டின் 14-ல் பழுது! இது 1991-ல். இப்படிப் பல வருடம், பலபேர் சேர்ந்து செய்த வேலை.

எல்லாக் குழந்தைக்கும் பழுது ஒரே இடத்தில் இருப்பதில்லை. மேல்தோலையும் உள்தோலையும் சேர்த்துப் பிடிக்கிற தையல் மாதிரி ஏழாம் வகை கொலாஜன் இருக்கிறது. அது பழுதானால் புண் ஆழமாகி, தழும்பு விழுந்து, விரல்கள்கூட ஒட்டிக்கொள்ளும்.

"தாய் செய்த பாவம்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்க. கடுமையான வகைகளில் பலவற்றுக்கு அம்மா, அப்பா இரண்டு பேரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான மரபணு வரணும். இருவருக்கும் உடம்பில் ஒரு அறிகுறியும் இருக்காது. அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கெரட்டின் பழுது வகைக்கு, பெரும்பாலும் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். சில சமயம் குழந்தையிடமே புதிதாகத் தோன்றும். இதில் மருமகளை மட்டும் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

மருந்து உண்டா என்றால், முழுசாகக் குணமாக்க இன்னும் இல்லை. 2015-ல் ஜெர்மனியில் ஏழு வயதுப் பையனுக்கு, அவன் செல்லிலேயே மரபணுவைத் திருத்தி, தோல் வளர்த்து, உடம்பில் ஏறக்குறைய 80 சதவீதம் ஒட்ட வைத்தார்கள். கொலாஜன் வகைக்குப் புண்ணில் தடவும் மரபணு ஜெல் ஒன்றை 2023-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம்தான் வரும்.

அதனால் நம் கையில் இருப்பது கவனிப்பு. ஒட்டுகிற பிளாஸ்திரி போடவே கூடாது, உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். சட்டையைத் திருப்பிப் போட்டால் தையல் உரசாது. கொப்புளத்தை, மருத்துவர் காட்டித் தந்தபடி சுத்தமான ஊசியால் வடித்து, மேல்தோலைப் பிய்க்காமல் விடணும். பச்சிலை, சாம்பல் எதுவும் வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டணும்.

அந்தத் தங்கச்சி அடுத்த கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்காங்க. குழந்தையை வாங்கிக் கொஞ்ச ஆசைப்படுறவங்க, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காதீங்க. மெத்தென்ற துணியோடு சேர்த்து, கழுத்துக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை வைத்து எடுங்க.