குடியும் ஈரலும்



"அளவாய்க் குடித்தால் கெடுதியில்லை" என்று சிலர் சொல்லுகிறார்கள். அந்த அளவை யார் கண்டது? தீங்கில்லாத அளவென்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது.

குடித்த சரக்கில் பெரும்பாகத்தை முறிக்கும் வேலை கல்லீரலின் தலையில் விழுகிறது. முறிக்கும்போது அதைவிடக் கொடிய நஞ்சொன்று இடையில் உண்டாகிறது. முதலில் ஈரலில் கொழுப்புப் படியும்; பிறகு அழற்சி காணும்; கடைசியில் தழும்பேறிச் சுருங்கும். ஆரம்பத்தில் வலியே தெரியாது. ஆகையால் குடிக்கிறவன், "எனக்கென்ன கேடு?" என்கிறான். கண் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்த பிறகு மந்திரிக்கிறவனிடம் ஓடுகிறான், "தலைவிதி" என்கிறான். அந்த விதி புட்டியிலிருந்தல்லவா வந்தது?

கள்ளானாலும் சீமைச் சரக்கானாலும் ஈரலுக்கு ஒன்றே. அது ஜாதி பார்ப்பதில்லை. கொழுப்புப் படிந்த நிலையிலேயே நிறுத்தினால் சில வாரங்களில் பெரும்பாலும் தேறிவிடும். தழும்பு விழுந்தபின் பழைய ஈரல் திரும்புவது அரிது. அப்போதும் நிறுத்தினால் ஆயுள் நீளும். நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவர்கள் திடீரென்று விட்டால் வலிப்புக் காணலாம். டாக்டரைக் கேட்டு விடுங்கள்.

தோழர்களே, நேர்த்திக்கு முடிந்துவைத்த காசை வைத்தியத்துக்குக் கொடுங்கள். குடியை நிறுத்தவேண்டியது சாமியல்ல, நீங்கள்தான்!