பயின்ற இடத்திற்குப் பட்ட கடன்



கல்லூரியை விட்டு நீங்கினாரை மீண்டும் அதனோடு பிணிப்பது யாது? பட்டமளிப்பு விழாவின் அங்கியும் பழைய மாணவர் விருந்துமே என்பர் சிலர். விருந்து வேண்டாவென்று யாம் கூறவில்லை. ஆயினும் இலை எடுத்தவுடன் அப்பிணிப்பும் எழுந்து போய்விடுகின்றது.

நம் உத்தரமேரூர்க்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலிலே, பெருமாள் கோயிற் சுவரை உற்று நோக்குமின். வீரராசேந்திர சோழன் காலத்தில், 1067ஆம் ஆண்டளவில் பொறித்த கல்வெட்டொன்று அங்குளது. இருக்கு வேதம் பயில்வார் 10 பேர், எசுர் வேதம் பயில்வார் 10 பேர், இலக்கணம் பயில்வார் 20 பேர் எனக் கணக்கிட்டு, உணவும், இராவிளக்கிற்கு எண்ணெயும், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெயும் அது வகுக்கின்றது. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையும் உடனிருந்தது. பயிலும் பிள்ளையின் தலைக்கு எண்ணெய் உண்டா என்று எண்ணிய நெஞ்சம் எத்தகையது! ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. அக்கல்லூரி வேதமோதும் குலத்தார்க்கே உரியதாயிருந்தது; உழுது நெல் அளந்தவன் மகனுக்கு அவ்விளக்கொளி எட்டவில்லை.

பிற்காலத்து அறத்திலும் இவ்வெல்லை இருந்தது. 1794இல் மறைந்த பச்சையப்பரின் பொருள் நெடுங்காலம் வழக்கிற் கிடந்து, 1842இல் சென்னையிற் பள்ளியாக எழுந்தது. காஞ்சியிலும் அவர் பெயராற் பள்ளியுண்டு; அறிஞர் அண்ணா அங்கே பயின்றே பச்சையப்பன் கல்லூரி புகுந்தார். அக்கல்லூரியோ 1947 வரை இந்துக்களை மட்டுமே சேர்த்தது. பின்னரே யாவர்க்கும் கதவு திறந்தது. அதனாற் பழைய மாணவர்க்கு உரிமை குறைந்ததோ? உறவினரே பெருகினர்.

இதனை இன்று கூறுதற்கு ஏதுவுண்டு. நம் ஊர்ப் பள்ளியிற் பயின்று வெளியூர்களில் உயர்ந்த நம்மவர் சிலர், மேற்படிப்பு உதவிக்கெனப் பொருள் திரட்டியுள்ளனர். அது நம் சமூகப் பிள்ளைகட்கே ஆகவேண்டும் என்பது இச்சபையிற் பலர் கருத்து. யாம் மாறுபடுகின்றோம், சினவற்க. வகுப்பில் அருகமர்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தவனை, நீ எக்குலத்தாய் என்று அவர்கள் வினவினரோ? பள்ளிக்குப் பட்ட கடனைச் சங்கத்திற்குச் செலுத்தித் தீர்ப்பது எங்ஙனம்? சங்கத்திற்கு வேறு நிதி உளது. மண்டப வாடகையும் வருகின்றது.

ஆகலின், அப்பொருளைப் பள்ளித் தலைமையாசிரியர்பால் ஒப்புவித்து, வறுமையும் ஊக்கமும் கண்டு யாவர்க்கும் அளிக்கச் செய்க. அடுத்த செயற்குழு ஆவணித் திங்களிற் கூடும். கல்லூரிக் கட்டணமோ அதற்கு முன்னரே கட்டவேண்டுவது. முடிவை இன்றே செய்யுமாறு வேண்டுகின்றோம்.