சிறு முதலும் பெரு நம்பிக்கையும்

(பயிற்சி அலுவலர்களும் வணிகவியல் மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



1906-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 10 லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக வகுக்கப்பட்டது. ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியின் கட்டணப் போட்டியும், 1908-இல் அவர் சிறை சென்றதும் அம்முயற்சியை நிலைகுலையச் செய்தன. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பலருடைய சிறு தொகைகள் ஒன்றுசேர்ந்து பெருந்தொழிலைத் தோற்றுவிக்கக் கூடும். ஆயினும், நோக்கம் உயர்ந்தது என்பதனாலேயே போட்ட பணத்திற்குக் காப்பு ஏற்பட்டுவிடுவதில்லை. இன்று நாம் ஆராயப்போகும் பொருளுக்கு இவ்விரு உண்மைகளுமே அடிப்படையாகும்.

திரள்நிதி என்பது யாது?

பொதுமக்களிடமிருந்து இணையத்தின் வாயிலாகச் சிறு தொகைகளைத் திரட்டுவதே திரள்நிதி. நன்கொடையாகப் பெறுவது ஒரு வகை. பொருளுக்கு முன்பணமாகப் பெறுவது மற்றொரு வகை. கடனாகப் பெறுவது மூன்றாவது வகை. நிறுவனத்தின் பங்கையே கொடுத்துப் பணம் பெறுவது நான்காவது. இதுவே பங்கு வழித் திரள்நிதி எனப்படுகிறது.

சோப்பு, ஊறுகாய், காப்பித்தூள் போன்ற நுகர்பொருள்களைத் தயாரிக்கும் ஒரு புதிய நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். வங்கி ஈடு கேட்கிறது. நிறுவனத்திடம் ஈடாகக் காட்ட நிலமோ கட்டடமோ இல்லை. பெரிய முதலீட்டாளரோ மிக விரைவான வளர்ச்சியை எதிர்பார்க்கிறார். இந்நிலையில், பொருளை வாங்குவோரே பங்குதாரராகவும் ஆனால் முதலும் கிடைக்கிறது. பொருளைப் பற்றி அக்கம்பக்கத்தில் எடுத்துச் சொல்ல ஆளும் கிடைக்கிறது. இம்முறையின் கவர்ச்சி இதுவே.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்கா 2012-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 2016-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு நிறுவனம் ஓராண்டில் திரட்டக்கூடிய உச்சவரம்பு 2021-இல் 50 லட்சம் டாலராக உயர்த்தப்பட்டது. அறிவித்த குறியளவு எட்டப்படாவிடில் பணம் திருப்பித் தரப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 நவம்பர் முதல் பொது விதிமுறை நடைமுறைப்படுத்தப்பட்டது. அனுபவமற்ற முதலீட்டாளர் நான்கு நாட்களுக்குள் காரணம் கூறாமலே விலகிக்கொள்ள அது வகை செய்கிறது.

பிரிட்டனில் புரூடாக் என்ற பீர் தயாரிப்பு நிறுவனம் 2009 முதல் தன் வாடிக்கையாளர்களுக்கே பங்குகளை விற்று வளர்ந்தது. 2017-இல் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 22 விழுக்காடு பங்கை வாங்கியது. அது பெற்றவை முன்னுரிமைப் பங்குகள். ஆண்டுக்கு 18 விழுக்காடு கூட்டு வீதத்தில் வளரும் உரிமை அவற்றிற்குத் தரப்பட்டது. இவ்வீதத்தில் தொகை நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்காகும். நிறுவனம் விற்கப்படுமாயின் அத்தொகை தீர்ந்த பின்னரே சிறு பங்குதாரரின் முறை வரும் என்பது ஏற்பாடாக இருந்தது. பங்குப் பத்திரத்தின் முகப்பைக் கண்டு மகிழ்பவர், அதன் நிபந்தனைகளையும் படித்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

சிறு முதலீட்டாளரின் நிலை

5 கோடி ரூபாய் மதிப்புள்ளதாகக் கூறப்படும் நிறுவனத்தில் ஒருவர் 10,000 ரூபாய் போடுகிறார் எனக் கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 0.02 விழுக்காடு. பின்னர் அதே எண்ணிக்கையில் புதிய பங்குகள் வெளியிடப்பட்டால் அது 0.01 ஆகக் குறையும். அந்த 5 கோடி மதிப்பை நிர்ணயித்தவர் யார்? பெரும்பாலும் பணம் கேட்பவரே. பங்குச் சந்தையில் பலர் வாங்குவதாலும் விற்பதாலும் விலை உருவாகிறது. இங்கே அத்தகைய சந்தை இல்லை. மகளின் திருமணத்திற்குப் பணம் தேவைப்படும் நாளில் இப்பங்கை வாங்குவதற்கு ஆள் கிடைக்காமற் போகலாம்.

நம் நாட்டின் சட்ட நிலை

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 42-ஆம் பிரிவும் அதன் விதிகளும், தனிப்பட்ட முறையில் பங்கு ஒதுக்கும் கம்பெனி ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைப்பு விடுக்கலாகாது என்கின்றன. தகுதி பெற்ற நிதி நிறுவனங்கள் இக்கணக்கில் சேரா. பொது விளம்பரமும் கூடாது.

2014-இல் செபி ஓர் ஆலோசனை அறிக்கையை வெளியிட்டது. தொடங்கி 48 மாதங்களுக்கு மேற்படாத நிறுவனம் 12 மாதங்களில் 10 கோடி ரூபாய் வரை திரட்டலாம்; சில்லறை முதலீட்டாளர் ஒரு வெளியீட்டில் 60,000 ரூபாய்க்கு மேற்படாமல் போடலாம் என அது யோசனை கூறியது. அது விதிமுறையாக உருப்பெறவில்லை. 2016 ஆகஸ்டில், அனுமதியின்றி இணையத்தளங்கள் வழியே நிதி திரட்டுவது குறித்துச் செபி பொதுமக்களை எச்சரித்தது.

இத்தயக்கம் காரணமற்றதன்று. சகாரா குழுமத்தின் இரு கம்பெனிகள் தனிப்பட்ட ஒதுக்கீடு என்ற பெயரில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேரிடமிருந்து 24,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாகக் கூறப்பட்ட வழக்கில், பணத்தை 15 விழுக்காடு வட்டியுடன் திருப்பித் தருமாறு 2012-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பலர் சிறு தொகையை இழக்கும்போது ஒவ்வொருவரும் தனித்து வழக்காட இயலாது என்பதை அவ்வழக்கு உணர்த்திற்று.

செய்ய வேண்டுவன

ஆகவே கதவை அடைத்தே வைப்பதா? அது தகாது என்பது என் கருத்து. ஈடு காட்ட இயலாத நேர்மையான தொழில்முனைவோர் வட்டிக்கடைக்குச் செல்லும் நிலை நாட்டிற்கு நன்மை பயக்காது. தனிநபர் முதலீட்டிற்கு உச்சவரம்பு, குறியளவு எட்டும் வரை பணத்தை வங்கியில் தனிக்கணக்கில் வைத்தல், விலகிக்கொள்ளச் சில நாள் அவகாசம், அந்தந்த மாநில மொழியில் இரண்டு பக்கத்திற்கு மிகாத விவர அறிக்கை, பின்னர் வரும் பெரு முதலீட்டாளருக்குத் தரப்படும் முன்னுரிமைகளை முன்கூட்டியே தெரிவித்தல் ஆகிய ஐந்தும் அமையுமாயின், சிறிய அளவில் சோதனை நடத்திப் பார்க்கலாம்.

இங்குள்ள அலுவலர்களிடம் நாளை புகார் மனுக்கள் வரும். மாணவர்களாகிய உங்களிடம் முதலீடு செய்யுமாறு அழைப்புகள் வரும். இழந்தாலும் இல்லம் தளராத தொகை எதுவோ, அதுவே இத்துறையில் போடத் தக்க தொகை. மக்களின் சேமிப்பைத் தொழிலுக்குத் திருப்புவது நல்ல கொள்கை. அச்சேமிப்பிற்கு உரியவர் ஏமாறாமற் காப்பது அதனினும் முந்திய கடமை.