ஒரு காம்பராவில் ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் சொறி போகாது

(தோட்டத் தலைவர்கள், தலைவிமார்களுக்கான சுகாதார வகுப்பில் ஆற்றிய உரை)



நாம் கூடும்போதெல்லாம் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம். வேலைநாள், கொழுந்து நிறை, சேமலாப நிதி பற்றிப் பேசுகிறோம். இன்று எனக்குத் தந்திருக்கும் தலைப்பு சொறி சிரங்கு. இதையெல்லாமா சங்கக் கூட்டத்தில் பேசுவது என்று சிலர் நினைக்கலாம். இரவெல்லாம் சொறிந்துவிட்டு விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்குப் போகும் தொழிலாளிக்கு இது தொழில் பிரச்சினைதான். விரல் இடுக்கெல்லாம் புண்ணாக இருக்கும்போது கொழுந்து எடுக்க முடியாது. பாடசாலையில் பக்கத்துப் பிள்ளை தள்ளி உட்காரும்போது நம் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது.

உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு இந்தச் சொறி நோயை, கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த நேரத்தில் எண்ணினாலும் உலகில் 20 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருக்கும் என்று அந்த நிறுவனம் கணக்கிடுகிறது. இத்தனை பேருக்கு இருந்தும் ஏன் கவனிக்கப்படவில்லை? நெருக்கமான வீடுகளில், தண்ணீர் போதாத இடங்களில் வாழும் ஏழைகளுக்கே இது அதிகம் வருகிறது. காரணம் அதுதான்.

இது எப்படி வருகிறது?

இரத்தம் கெட்டுவிட்டது, உடம்புச் சூடு, கருவாடு சாப்பிட்டது என்று நம்மில் பலர் சொல்வோம். இவை எதுவும் காரணமில்லை. ஒரு மில்லிமீற்றரில் பாதிகூட இல்லாத ஒரு சிறு உண்ணிதான் காரணம். பெண் உண்ணி நம் மேல்தோலைக் குடைந்து, அதற்குள்ளேயே முட்டை இடுகிறது. முட்டை மூன்று நான்கு நாளில் பொரிக்கும். இரண்டு வாரத்துக்குள் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து மறுபடி முட்டை இடத் தொடங்கும். சாதாரணமாக ஒருவர் உடம்பில் பத்துப் பதினைந்து உண்ணிதான் இருக்கும். அதற்கே இவ்வளவு அரிப்பு.

ஒருவர் தோலோடு இன்னொருவர் தோல் நீண்ட நேரம் ஒட்டியிருக்கும்போது இது பரவுகிறது. ஒரே பாயில் படுப்பது, பிள்ளையை அணைத்துத் தூங்குவது, ஒரே கம்பளியைப் போர்த்திக்கொள்வது, இப்படித்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுக்கும்போது யாரை யார் விலக்கி வைப்பது? ஆகவே, சொறி வந்த வீட்டாரை அசுத்தக்காரர் என்று பேசுவதை முதலில் நிறுத்துவோம். தினமும் குளிக்கிறவருக்கும் இது வரும். ஏச்சுக்குப் பயந்து ஒரு வீடு நோயை மறைத்தால், லயம் முழுவதும் அதைச் சுமக்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் தடவை உண்ணி ஏறியவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அந்த நாட்களிலும் அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். "எனக்கு ஒன்றும் இல்லை, எனக்கு மருந்து வேண்டாம்" என்று சொல்பவரிடம்தான் அடுத்த மாதத்துக்கான சொறி இருக்கக்கூடும்.

அடையாளம்

இரவில் அரிப்புக் கூடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புளைச் சுற்றி, மார்பு, பிட்டம், மறைவிடம் ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்கள் வரும். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரும். உரம் போடுகிறவர்களுக்கும் மருந்து அடிக்கிறவர்களுக்கும் வேலையாலும் அரிப்பு வருவதுண்டு. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே காலத்தில் இரவு அரிப்பு இருந்தால், சொறி என்று சந்தேகப்பட்டு டிஸ்பென்சரிக்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ போங்கள். அரிக்காத, தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல் இருந்தால் அது வேறு விடயம். அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கும் இலவச மருந்து உண்டு, நாள் கடத்தாமல் காட்ட வேண்டும்.

சொறிதானே என்று விட்டுவிடவும் கூடாது. நகத்தால் கீறிய இடத்தில் கிருமி புகுந்து சீழ் வைக்கும். அந்தக் கிருமியால் சில பிள்ளைகளின் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. சொறிப்புண் இருந்த பிள்ளைக்கு முகம் வீங்கினாலோ, சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே இரவில்

இன்றைய பேச்சில் ஒரு விடயத்தை மட்டும் நினைவில் வைப்பதானால், இதை வையுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே இரவில் மருந்து பூச வேண்டும். இன்று மகனுக்கும் அடுத்த வாரம் அம்மாவுக்கும் பூசினால், உண்ணி மகனிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து மகனுக்கும் மாறிக்கொண்டே இருக்கும்.

பீஜித் தீவுகளில் 2012இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியில் நோய் கண்டவர்களுக்கும் அவர்களோடு நெருங்கி வாழ்ந்தவர்களுக்கும் மட்டும் பூச்சு மருந்து கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குப் பின் அங்கே நோய் ஏறக்குறையப் பாதியாகத்தான் குறைந்தது. இன்னொரு பகுதியில் ஊரார் எல்லாருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். அங்கே நூற்றுக்கு 32 பேருக்கு இருந்த சொறி, நூற்றுக்கு 2 பேருக்கும் கீழே இறங்கியது. ஊர் ஒன்றாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. சங்கம் நடத்துகிற நமக்கு இது புதுப் பாடமும் இல்லை.

மருந்து பூசுவதில் சில விடயங்களைக் கவனியுங்கள். கழுத்திலிருந்து கால் விரல் வரை, நகத்தடி, விரல் இடுக்கு, மறைவிடம் உட்பட ஓர் இடமும் விடாமல் பூச வேண்டும். அரிக்கும் இடத்தில் மட்டும் தடவினால் பயனில்லை. கை கழுவினால் கையில் திரும்பவும் பூச வேண்டும். எத்தனை மணி நேரம் வைத்திருப்பது, எத்தனை நாள் பூசுவது என்பது மருந்துக்கு மருந்து மாறும். தருகிறவர் சொல்கிறபடி செய்யுங்கள். பேர்மெத்ரின் கிறீம் என்றால் ஒரு வாரம் கழித்து இரண்டாம் தடவையும் பூசச் சொல்வார்கள். அரிப்புக் குறைந்துவிட்டது என்று அதைத் தவறவிடாதீர்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், கைக்குழந்தைகள் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு ஏற்ற மருந்தைத் தருவார்கள்.

மருந்து போட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். செத்த உண்ணி தோலுக்குள் இருப்பதால் அப்படி வரும். மருந்து கேட்கவில்லை என்று நாளும் பொழுதும் பூசித் தோலைப் புண்ணாக்காதீர்கள். மண்ணெண்ணெய், பினாயில் ஒருபோதும் வேண்டாம். வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிப்பது இதமாக இருக்கலாம். அதை நம்பி மருந்தை விடக் கூடாது. கடையில் கேட்டு வாங்கும் சில கிறீம்கள் அரிப்பை அமர்த்திவிட்டு, உண்ணியை உள்ளே வளர விடும்.

துணி எப்படி வெளுப்பது?

கடந்த நான்கைந்து நாளில் உடுத்திய துணி, பெட்சீட், துவாய் எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடச் சொல்வார்கள். ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் ஜூன், ஜூலை மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? கம்பளியைத் துவைத்தால் எப்போது காயும்? அதற்கும் வழி உண்டு. மனித உடம்பை விட்ட உண்ணி இரண்டு மூன்று நாளில் சாகும், குளிரில் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். எனவே துவைக்க முடியாத கம்பளி, தலையணை, சுவெட்டர் ஆகியவற்றைப் பெரிய பொலித்தீன் பையில் போட்டு, இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். அது போதும்.

தண்ணீர் எங்கே?

குளிப்பதால் மட்டும் உண்ணி சாகாது. ஆனால் மருந்து போட்ட மறுநாள் வீட்டார் எல்லாரும் குளிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், புண்ணைக் கழுவ வேண்டும், பிள்ளைகளின் நகத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும். இதற்கெல்லாம் தண்ணீர் வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லீற்றர் தண்ணீர் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குறைந்த கணக்கையே எடுப்போம். ஆறு பேர் வீட்டுக்கு 300 லீற்றர். 20 லீற்றர் கேனில் பதினைந்து நடை. கொழுந்து மலையிலிருந்து இறங்கிய பிறகு இந்தப் பதினைந்து நடையை யார் நடப்பது? நம் வீட்டுப் பெண்கள்தான். மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரையிலும் பீலியில் தண்ணீர் மெலிந்துபோகும். அப்போது குடத்தை வைத்துவிட்டுக் காத்து நிற்க வேண்டும்.

இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. தண்ணீரும் சுகாதாரமும் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2010 ஜூலை 28ஆம் திகதி தீர்மானித்தது. அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், லயத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது துரையின் கடமை என்று எழுதி வைத்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கடமையை இந்தக் காலத்தில் கேட்க நாம் கூச்சப்படத் தேவையில்லை.

தலைவர்கள், தலைவிமார் செய்ய வேண்டியது

தலைவிமார் முதலில் தங்கள் லயத்தில் வீடு வீடாகப் போய், எத்தனை பேருக்கு இரவு அரிப்பு, வீட்டில் மொத்தம் எத்தனை பேர், கர்ப்பிணி, கைக்குழந்தை உண்டா என்று எழுதுங்கள். யாருடைய பெயரையும் பொது இடத்தில் வாசிக்காதீர்கள்.

அந்தக் கணக்கைத் தோட்ட வைத்திய உதவியாளரிடமும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும், சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திலும் கொடுத்து, வீட்டில் உள்ள எல்லாருக்கும் போதுமான மருந்தைக் கேளுங்கள். நோயாளிக்கு ஒரு போத்தல் என்று கொடுத்தால், மேலே சொன்ன காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை மடுவத்தையும் பாடசாலையையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை மருந்து பூசி முடித்த பிள்ளை மறுநாள் பாடசாலைக்குப் போகலாம். அந்தப் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

நாள் குறிக்கும்போது சனிக்கிழமை இரவைக் குறியுங்கள். ஞாயிறு குளித்து, துவைத்துக்கொள்ளலாம், பேரும் போகாது. இரண்டாம் தடவை தேவைப்பட்டால் அடுத்த சனிக்கிழமை. ஒரே ஞாயிறில் லயம் முழுவதும் துவைத்தால் பீலி தாங்காது. ஆகவே அந்த இரண்டு ஞாயிறுக்கும் தண்ணீர்ப் பவுசர் வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்துக்கு இப்போதே கடிதம் கொடுங்கள். அதே கடிதத்தில், உடைந்த தாங்கி, ஒழுகும் குழாய், தண்ணீர் வராத லயம் எவை என்று இலக்கமிட்டு எழுதுங்கள். வீட்டுக்கு வீடு குழாய் வேண்டும் என்ற கோரிக்கையையும் அதிலேயே வையுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி, சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோவது சங்கத்தின் பொறுப்பு.

மருந்தை ஒரே இரவில் பூசுவது நம் கையில் இருக்கிறது. தண்ணீரைக் கொண்டுவருவது நிர்வாகத்தின் கடமை. முதல் வேலையை நாம் முறையாகச் செய்து முடித்தால், இரண்டாவதைக் கேட்கும்போது நம்மை யாரும் அசுத்தக்காரர் என்று சொல்லி வாயடைக்க முடியாது. அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு தலைவியும் தன் லயத்துக் கணக்கைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.