குறை என்னும் சொல்
(ஜூபிலி ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகள் குறைபாட்டை 'ஃப்ளா' என்கிறார்கள். அச்சொல் வந்த வழி, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்வோருக்கு எளிதில் விளங்கும். ஸ்கந்திநேவிய நாட்டாரின் பழைய மொழியில் கற்பலகையைக் குறித்த சொல்லே அதற்கு மூலம் என்பர். ஆங்கிலத்தில் முதலில் சிதறிப் பறக்கும் சில்லைக் குறித்தது, பின்னர் விரிசலை, அதன் பிறகே மனிதரின் குற்றத்தை. விரிசல் விட்ட கல்லைத் தூணுக்கு எடுப்பாருண்டோ? அச்சொல்லுக்குள் தள்ளிவிடும் பார்வை இருக்கிறது.

இலத்தீனில் 'மாக்குலா' என்றால் கறை, புள்ளி. 1854-இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் விசுவாச சத்தியமாக அறிவித்த அமலோற்பவத்தின் இலத்தீன் பெயரில் அந்தக் கறையின்மையே பேசப்படுகிறது. நாம் வைத்துக்கொண்ட வடசொல்லில் 'மலம்' அழுக்கு; அமலம் அழுக்கின்மை. அமலாக்களும் மாசில்லாமணிகளும் இல்லாத தெரு நம் பங்கில் ஏது?

தமிழின் 'குறை' வேறு வகையானது. குறைவேலை, குறைக்கொள்ளி என்கிறோம். வேலை முடியவில்லை, கட்டை முழுதும் எரியவில்லை, அவ்வளவே. இன்னொரு பொருளும் உண்டு. குறையிரத்தல் என்றால் தாழ்ந்து வேண்டுதல். ஏலாக்குறிச்சிக்குப் போய்வரும் தாய்மார், "மாதாவிடம் குறையைச் சொல்லிட்டு வந்தோம்" என்பது இந்தப் பொருளில்தான். பிறர்மேல் குறை சொல்லும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறோம்!

அதே ஏலாக்குறிச்சியில் பணிபுரிந்த வீரமாமுனிவர் (1680–1747) தமிழ் எழுத்திலேயே ஒரு குறை கண்டார். குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி வைப்பது பழைய மரபு. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எனவே புள்ளியை விட்டார்கள், குறிலும் நெடிலும் மயங்கின. இத்தாலியிலிருந்து வந்த அவர், இப்படிப்பட்ட மொழி எதற்கு என்று ஒதுக்கவில்லை. நெடில்களுக்கு வேறு வடிவம் தந்தார். இன்று நாம் ஏசு என்றும் ஓலை என்றும் தடுமாறாமல் படிப்பது அதனால்தான். 1732-இல் சதுரகராதியும் தொகுத்தார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நடக்கவோ பேசவோ இயலாத பிள்ளையைக் 'குறையுள்ள பிள்ளை' என்று சொல்லி, திருவிழா நாளில் வீட்டோடு வைத்துவிடுகிறோம். அழைத்து வரும் தாயும் கோயிலின் கடைசித் தூண் அருகே ஒதுங்கி நிற்கிறாள். அவளை அங்கே நிற்க விட்டவர்கள் நாமே. ஜூபிலித் திருப்பலியன்று முன்வரிசைப் பாய்கள் அந்தத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை. வழக்கமாக அங்கே அமரும் நாம் பின்னால் உட்காருவோம்.