சுருக்கம்: மறைக்க வேண்டியதா? மதிக்க வேண்டியதா?



எதிரணிச் சகோதரி, "பெப்டைடு களிம்பு வந்தாச்சு, இனிமே சுருக்கம் எதுக்கு?" என்று கேட்டாங்க. எனக்கு அந்தச் சொல் புதிதல்ல. போன மாதம் என் இல்லத்தரசி ஒரு டப்பா வாங்கி வந்தாங்க. விலை 1,800 ரூபாய். எவ்வளவு இருக்குன்னு திறந்து பார்த்தேன். எங்க பாட்டியோட சுண்ணாம்பு டப்பா அதைவிடப் பெரிசு! (சிரிப்பு)

ஆனால் வெறும் கேலி மட்டும் பேசக்கூடாது. படித்துப் பார்த்தேன். நம் தோலைத் தாங்கி நிற்கிற புரதத்துக்குக் கொலாஜன் என்று பெயர். அதன் அமைப்பை உலகத்துக்குச் சொன்ன ஊர் எது தெரியுமா? நம்ம சென்னை! (கைதட்டல்) 1954ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்திலே ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாரை வாங்கி, எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, இது மூன்று இழை சேர்ந்தது என்றார்கள். அடுத்த ஆண்டு, அந்த மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிக் கொண்டிருக்கின்றன என்று இன்னும் துல்லியமாகச் சொன்னார்கள். மாமல்லபுரத்து மீனவர் கையிலே முப்புரிக் கயிறு பார்த்திருக்கிறீர்களே, அந்த மாதிரி.

வயது ஏற ஏற அந்தக் கயிறு நைகிறது. வெயில் பட்டால் கேட்கவே வேண்டாம். சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும், கொலாஜனை வெட்டுகிற நொதிகள் கத்தியைத் தீட்டிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன.

சரி, கொலாஜனையே பூசினால்? அது பெரிய மூலக்கூறு. தோலின் வாசற்படியைத் தாண்டாது. அதனால் விஞ்ஞானி என்ன செய்தான்? அதன் மூலப் புரதத்திலே வருகிற ஐந்தே அமினோ அமிலத் துண்டு ஒன்றைச் செயற்கையாகச் செய்து, உள்ளே நுழைய வசதியாக ஒரு கொழுப்பு அமிலத்தை வாலாக ஒட்டினான். "கயிறு அறுந்து போச்சு, புதுசு திரி" என்று செல்லுக்குப் போகிற தந்தி அது.

பலன் உண்டா? உண்டு. பொய் சொல்ல மாட்டேன். 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 93 பெண்கள், 12 வாரம். முகத்தின் ஒரு பாதிக்குப் பெப்டைடு களிம்பு, மறுபாதிக்குப் பெப்டைடு இல்லாத அதே களிம்பு. (அந்த 12 வாரமும் புருஷன் எந்தப் பக்கம் உட்கார்ந்தானோ!) (பலத்த சிரிப்பு) மெல்லிய சுருக்கங்கள் குறைந்தன. கொஞ்சம்தான். ஆராய்ந்தவர்களும் களிம்புக் கம்பெனி விஞ்ஞானிகள்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். உப்புக்காற்று பட்டுப் பட்டுச் சிற்பங்களின் முகமே தேய்ந்து கிடக்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். அதுவும் ஒரு பேஸ்பேக்தான்! (சிரிப்பு) ஆனால் அலைக்குக் கருங்கல் தடுப்பும் காற்றுக்குச் சவுக்குத் தோப்பும் இல்லாமல், கூழ் மட்டும் என்ன செய்யும்?

அந்தச் சாலையிலே மீன் விற்கிற ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு கேட்டாங்க: "சார், மக கல்யாணம் வருது. போட்டோவுல கிழவியாட்டம் தெரியறேன். ஏதாவது கிரீம் இருக்கா?" அறுபது இருக்கும் என்று நினைத்தேன். 46 என்றாங்க. விடிந்ததிலிருந்து உச்சி வரைக்கும் தலைக்கு மேலே ஒரு முழம் நிழல் கிடையாது. "நாலு கம்பு நட்டு ஓலை போடக்கூடாதா?" என்றேன். "போட்டா பிடுங்கிப் போட்டுடறாங்க சார்" என்றாங்க.

நடுவர் அவர்களே, நான் 'மதிக்க வேண்டியதே' என்று பேச வந்த அணிக்காரன். ஆனால் "சுருக்கத்தை மதி தாயே" என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அனுபவம் போட்ட கோடு அல்ல. வெயில் அறுத்த கயிறு.

வீட்டிலே சொன்னேன். இல்லத்தரசி களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் நான் அந்தப் பக்கம் கிளம்பும்போது பெரிய குடை ஒன்றை வாங்கிக் கையிலே கொடுத்தாங்க. கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா விரித்தாங்க. விரித்து, மீன் கூடைக்கு மேலே பிடித்தாங்க.

"அம்மா, உங்களுக்கு" என்றேன்.

"மீன் வாடிடும் சார். மூஞ்சி கிடக்கட்டும்."

(நீண்ட கைதட்டல்)