திருப்பும் கை



சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேரோட்டம். ஐந்து தேர்கள், நான்கு வீதிகள். வடம் பிடிப்போர் கூட்டமே கண்ணை நிறைக்கும். ஆனால் கீழவீதி முடிந்து தெற்கு வீதி தொடங்கும் மூலையில் தேர் வந்து நின்றதும், விவரம் தெரிந்தவர்களின் பார்வை வடத்தை விட்டுவிடும். சக்கரத்தடியில் குனிந்து நிற்பாரே, முட்டுக்கட்டை போடுபவர், அவர் மீது போய் நிற்கும். திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்தை அவர் கட்டை கொடுத்து மடக்குவார். மறுபக்கத்துச் சக்கரம் உருளும். மலை போன்ற தேர் முகம் திருப்பும். தேரை இழுப்பவை ஆயிரம் கைகள். அதைத் திருப்புபவை சில கைகளே.

ஏர் உழுபவருக்கும் இது தெரியும். கொழுமுனை வரப்பை நெருங்கியதும் உள்மாட்டை நிறுத்தி வெளிமாட்டை நடத்துவார். பிச்சாவரத்து உப்பங்கழியில் துடுப்புப் போடுபவரும் ஒரு பக்கத்தை அடக்கித்தான் படகைத் திருப்புகிறார். ஒரு பக்கத்தின் வேகத்தைக் குறைத்தால்தான் திருப்பம் நிகழும். இந்த இலக்கணம் கடலூருக்கு மேற்கே, நெய்வேலியில், இரும்பிலும் எழுதப்பட்டிருக்கிறது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் உருவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கம் வெட்டும் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அதை மூடிக்கிடந்த படிவுக்குப் புவியியலார் இட்ட பெயர் கடலூர் மணற்பாறை. ஊரின் பெயரைத் தாங்கிய அந்தப் பாறை இரும்பையும் தேய்க்க வல்லது. அதை வெட்டுவதற்கு வாளிச்சக்கர இயந்திரங்கள் வந்தன. வெட்டிக் கொட்டிய மண்ணைப் பரப்பவும், வழி அமைக்கவும், நீண்ட கன்வேயர் தடங்களை இடம் பெயர்க்கவும் சங்கிலித் தடம் பூண்ட இழுவை இயந்திரங்கள் வந்தன. பட்டறையில் அவற்றுக்கு ஒரே பெயர்தான்: டோசர்.

சங்கிலித் தடம் பிறந்ததும் ஒரு சேற்றுநிலத்தின் தேவையால்தான். கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரையடுத்த கழிமுகத்தில் சக்கரங்கள் புதைந்துபோயின. 1904 நவம்பரில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சக்கரத்துக்குப் பதிலாகத் தடத்தைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். புதைதல் நீங்கியது, திருப்புவதுதான் சிக்கலாயிற்று. தரையை முழுநீளமும் பற்றிக் கிடக்கும் தடத்தைக் காரின் முன்சக்கரம் போலக் கோணித் திருப்ப இயலாது. அதற்குக் கண்ட விடைதான் ஸ்டியரிங் கிளட்ச்.

எஞ்சினின் ஆற்றல் பின்புறத்தில் ஒரு குறுக்குத் தண்டை வந்தடையும். அத்தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கிளட்ச் உண்டு. இரண்டும் பற்றியிருக்கும்வரை இயந்திரம் நேரே போகும். இடப்பக்க லிவரை இழுத்தால் இடப்பக்கக் கிளட்ச் பிடியை விடும்; அந்தப் பக்கத் தடம் ஆற்றலை இழக்கும்; வலத்தடம் தள்ள, இயந்திரம் இடப்புறம் வளையும். பிரேக்கையும் மிதித்தால் நின்ற இடத்திலேயே முகம் திரும்பும். சரிவில் இறங்கும்போது கதை வேறு. அங்கே எஞ்சின்தான் வண்டியைத் தடுத்துப் பிடித்திருக்கிறது. ஒரு பக்கத்தை விட்டால் அந்தப் பக்கம் முந்தி ஓடும். வண்டி எதிர்ப்புறம் திரும்பிவிடும். மேட்டில் கற்ற பாடத்தைப் பள்ளத்தில் அப்படியே ஒப்பிக்கும் ஓட்டுநர் விபத்தில்தான் முடிவார்.

கிளட்ச் என்பது அடுக்கு. வழவழப்பான எஃகுத் தட்டு ஒன்று, உராய்வுப் பூச்சுள்ள தட்டு ஒன்று என மாறி மாறி அடுக்கியிருக்கும். வலிய சுருள்வில்கள் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும். பழைய இயந்திரங்களில் இந்த அடுக்கு உலர்ந்த அறையில் இருந்தது. பின்னால் வந்தவற்றில் எண்ணெயில் மூழ்கியிருந்தது. இன்றைய புதியவை பலவற்றில் முற்றிலும் வேறு ஏற்பாடுகள் வந்துவிட்டன. பட்டறைக்காரரின் பொறுமையை அளந்தவை அந்தப் பழைய உலர் வகைகளே.

பிரிக்கும் முறையைக் கேளுங்கள். முதலில் இருக்கையும் தரைத்தகடும் கழலும். மேல்மூடி திறக்கும். லிவர் இணைப்புகள் விடுபடும். பிரேக் பட்டை உருவப்படும். பிறகு குறுக்குத் தண்டுடனும் இறுதிப் பல்சக்கரத்துடனும் பிணைத்திருக்கும் போல்டுகள். கழற்றும் முன் எதிரெதிர் பாகங்களில் உளியால் ஓர் அடையாளக் கோடு. திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடுகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். அதன்பின் செயின் பிளாக்கில் மாட்டி, கிளட்சை முழுதாக மேலே தூக்குவார்கள்.

ஆபத்து அதற்குப் பிறகுதான். சுருள்வில்கள் இறுகியே இருக்கின்றன. அவசரக்காரர் நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றினால் வில் தெறித்து ஆளை வீழ்த்தும். நீண்ட போல்டுகளைப் பூட்டி, சுற்றிச் சுற்றி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்துவதே முறை.

பிரித்த தட்டுகளைப் படிக்கத் தெரிய வேண்டும். நீலம் பாரித்த தட்டு சூடேறி வழுக்கியிருக்கிறது. வளைந்த தட்டு சமதளத்தில் வைத்தால் ஆடும். எண்ணெய் படிந்திருந்தால் குற்றம் கிளட்சினுடையது அன்று. இருபுறமும் எண்ணெய்ப் பெட்டிகள் இருக்க, இடையிலுள்ள அறையை உலர்வாகக் காக்க வேண்டிய ஆயில் சீல் தேய்ந்திருக்கிறது. தட்டை மட்டும் மாற்றிச் சீலை மாற்றாதவர் மறுபடியும் முதலிலிருந்து பிரிக்க வேண்டியிருக்கும். டிரம்மின் பற்களில் தட்டுகள் அடித்தடித்துப் பள்ளம் விழுந்திருந்தால், லிவரை இழுத்தாலும் தட்டுகள் நகராமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கடலூர்ப் பகுதியின் ஐப்பசி மழையில் நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியில் தட்டுகள் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதும் உண்டு. உழைத்துத் தேய்வதைவிடச் சும்மா நின்று கெடுவது கொடிது.

பூட்டும்போது வரிசை பிறழக் கூடாது. எல்லாம் முடிந்தபின், லிவரில் சிறிது வெற்றசைவு விட வேண்டும். இழுத்தவுடன் உடனே பற்றாமல், கொஞ்சம் சும்மா ஆடும் இடம் அது. புதியவர் அதைக் குறை என்று எண்ணி முழுவதும் இறுக்கிவிடுவார். அப்போது கிளட்ச் எப்போதும் அரைகுறையாக விடுபட்டே இருக்கும், வழுக்கும், எரியும். அந்தச் சிறு வெற்றிடம்தான் பிடியைக் காக்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே விட வேண்டியதை அறிந்த கவிஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த அறிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இயந்திரத்தோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. பட்டறையின் தமிழ் காற்றில் இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரே வளாகத்தில் தமிழும் பயின்றார்கள், பொறியியலும் பயின்றார்கள். இரண்டுக்கும் நடுவே வழி இல்லாமல் இல்லை. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். அவர் கவிஞர், இசைப்பாடல் இயற்றியவர். அறிவியலைத் தமிழில் அடுக்கும் பொறுப்பை ஒரு கவிஞரிடம் கொடுத்த மொழி இது. அவர் தொடங்கிய வேலை பட்டறை வாயிலோடு நின்றுவிட வேண்டியதில்லை. கழற்றுபவர் கையிலிருக்கும் சொற்கள் அவரோடு ஓய்வுபெற்றுப் போய்விடும் முன்னர் ஏட்டில் ஏற வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2023 சூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய் வேலைக்கு, நெற்பயிர் நின்ற வயலில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. பயிர் மடிந்த காட்சியை நாடு பார்த்தது. உயர்நீதிமன்றமும் வருந்திப் பேசியது. நிலத்துக்குப் பணம் கொடுக்கப்பட்டதா, எப்போது, எவ்வளவு என்ற வழக்குகள் ஒருபுறம். மறுபுறம், ஒரு கேள்வி எஞ்சுகிறது. தடம் பூண்ட இயந்திரத்துக்குச் சேறும் தெரியாது, வரப்பும் தெரியாது, கதிரும் தெரியாது. எங்கும் போகும்படி அது படைக்கப்பட்டது. எங்கே போகக் கூடாது என்பது லிவரைப் பிடித்த கைக்கும், அந்தக் கைக்கு ஆணையிடும் நாவுக்கும் மட்டுமே தெரிய வேண்டியது. இந்த மாவட்டத்தின் விளக்குகள் நெய்வேலியால் எரிகின்றன. இந்த மாவட்டத்தின் உலைகள் வயலால் கொதிக்கின்றன. ஒன்றை மட்டும் பாடும் கவிதை ஒரு தடத்தில் ஓடும் வண்டி. நின்ற இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும்.

இலக்கிய வட்டம் பத்தாண்டு ஓடியிருக்கிறது. பத்தாண்டு ஓடிய எந்த இயந்திரத்தையும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது பட்டறை வழக்கம். நீலம் பாரித்தது எது, துருவால் ஒட்டிக்கொண்டது எது, மாற்ற வேண்டியது தட்டா, சீலா என்று பார்த்து, அடையாளக் கோடுகள் சேரும்படி மீண்டும் பூட்ட வேண்டும். வெற்றசைவு கொஞ்சம் விட்டுப் பூட்டினால் அடுத்த பத்தாண்டும் ஓடும்.